மடித்த தாளின் மறுபாதி

பிள்ளைகள் வேஷம் போடும் ஹாலோவீன் அன்று காலை கொரீன் டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழலையர் வகுப்புக்குள் நுழைந்தபோது, அறை முழுக்கப் பெயிண்ட் வாசனை அடித்தது. அன்றைக்கு இன்னும் ஒரு புட்டிகூடத் திறக்கவில்லை. நேற்றைய வாசனையாக இருக்கும் என்று ஜன்னலைத் தள்ளிவிட்டாள். ஓஹையோவின் அக்டோபர் குளிர் உள்ளே வந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

மகள் ஹேட்டிக்கு ஐந்து வயது. வலது கன்னத்தில் மிளகளவு மச்சம். இந்த வருஷம்தான் அம்மாவின் வகுப்பிலேயே சேர்ந்திருந்தாள். தேனீ வேஷம் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே ஒரே அமர்க்களம். வகுப்பில் தன்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கொரீன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"நீ அம்மாதானே, அப்புறம் எதுக்கு டீச்சர்னு கூப்பிடணும்?" என்றாள் ஹேட்டி.

அறையின் மூலையில் தாளும் பெயிண்டும் வைக்கிற சின்ன அறை. அதன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இப்போது நான்கு ஓட்டைகள்தான். கொரீன் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. எதை எடுப்பதானாலும் உதவியாள் டார்லாவைத்தான் அனுப்புவாள்.

போன ஹாலோவீனன்றும் இதே வகுப்பு, தாளை மடித்து இரண்டு பாதியிலும் ஒரே உருவம் வரவைக்கிற இதே சமச்சீர்ப் பாடம்தான். எமெட் என்றொரு பையன். இடதுகைக்காரன். எல்லோரும் தாளின் வலது பாதியில் பெயிண்ட் வைக்க, அவன் இடது பாதியில் வைத்தான். சமச்சீருக்கு எந்தப் பாதியாக இருந்தால்தான் என்ன? ஆனால் அன்றைக்கு டீச்சருக்குத் தலைவலி. வேறு தாள் கொடுத்தாள். அதிலும் இடது பாதி. பிடிவாதம் பிடிக்கிற கழுதை என்று அவனை அந்த அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். மற்ற பிள்ளைகள் வேஷம் மாட்டும் அமளியில் யாரும் கவனிக்கவில்லை. வேஷ ஊர்வலத்துக்கு மணி அடித்தது, கிளம்பிவிட்டாள்.

இதுவரை நடந்ததை மறதி என்று சொல்லலாம். பாதி வழியில், விட்டுவிட்டு வந்த ஊர்வலக் கொடியை எடுக்க அவள் வகுப்புக்குத் திரும்பினாள். அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. வாசலில் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். பிள்ளையைப் பூட்டி வைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாவி.

எமெட்டுக்கு ஆஸ்துமா. மருந்து அவன் பையில் இருந்தது. பை வெளியே மாட்டியிருந்தது. ஊர்வலம் முடிந்து கதவைத் திறந்தபோது அவனுக்கு மூச்சில்லை.

ஒளிந்து விளையாடப் போனான், கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது என்று கொரீன் அழுதாள். ஊரே நம்பியது. எமெட்டின் அம்மா கொஞ்ச நாளில் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

இந்த வருஷமும் பிள்ளைகள் தாளை மடித்து விரித்தார்கள். ஒரு பாதியில் மட்டும் அரை வௌவாலைக் கெட்டியாகத் தீட்டினார்கள்.

"இப்ப மடிச்சு, உள்ளங்கையால நல்லாத் தேய்ங்க," என்றாள் கொரீன். "இந்தப் பக்கம் என்ன செஞ்சோமோ, அதேதான் அந்தப் பக்கமும் வரும்."

சொன்ன பிறகுதான், போன வருஷமும் இதையே சொன்னது நினைவுக்கு வந்தது.

பிள்ளைகள் தாளைப் பிரித்தார்கள். வலது பக்கம் அரை வௌவால். இடது பக்கம் சிறகு இல்லை. ஒரு கைத்தடம். சின்னஞ்சிறு இடது கை.

எல்லாத் தாளிலும்.

பிள்ளைகள் டீச்சர் வித்தை காட்டுகிறாள் என்று கைதட்டினார்கள். முன்பே அச்சிட்ட தாளோ என்று டார்லா தாள்கட்டைப் புரட்டிப் பார்த்தாள். மீதி எல்லாம் வெள்ளைத் தாள்.

ஹேட்டி மட்டும் வௌவாலுக்குப் பதிலாகத் தன்னையே பாதியாகத் தீட்டியிருந்தாள். தாளை அம்மாவிடம் நீட்டினாள். வலது பாதியில் தேனீ வேஷத்தில் ஒரு சிறுமி. இடது பாதியில் ஒரு பையன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய்.

"அம்மா, இது யாரு?"

கொரீன் தாளைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஹேட்டியின் நாற்காலி காலியாக இருந்தது.

மூலைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

ஓடிப்போய் இழுத்தாள். தாழ்ப்பாளே இல்லாத கதவு அசையவில்லை. ஊர்வலத்துக்கு வந்திருந்த பெற்றோர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். வைக்கோல் பொம்மை வேஷம் போட்ட ஒரு தகப்பன் தோளால் முட்டிப் பார்த்தான். டார்லா காவலாளியைக் கூப்பிட ஓடினாள்.

"அம்மா, மூச்சு முட்டுது," என்று ஹேட்டியின் குரல் கேட்டது. அதன் அடியில் இன்னொரு மூச்சு, விசில் போல இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. அந்த மூச்சைக் கொரீனுக்குத் தெரியும்.

கதவிடுக்கில் வாயை வைத்தாள். "அவளை விட்டுடுடா கண்ணா. நான் என்ன செய்யணும்?"

"சொல்லுங்க," என்றது உள்ளே ஒரு கிசுகிசு.

அவள் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "எமெட் தானாப் போகலை. நான்தான் உள்ள விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

திரும்பி வந்த டார்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கதவு திறந்தது. பாதிதான் திறந்தது.

ஹேட்டி வெளியே வந்தாள். கொரீன் முழங்காலிட்டு அவளை அள்ளி அணைத்து வலது கன்னத்தில் முத்தமிட்டாள். முத்தமிட்ட இடத்தில் மச்சம் இல்லை.

மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

குழந்தை அவள் பிடியிலிருந்து நழுவி மேசைக்குப் போனது. இடது கையால் பிரஷ்ஷை எடுத்தது. ஒரு வெள்ளைத் தாளின் இடது பாதியில் நிதானமாகத் தீட்ட ஆரம்பித்தது.

"பாதிதானே சொன்னீங்க, டீச்சர்," என்றது.

டீச்சர்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: வெளியே வந்தது ஹேட்டி இல்லை, ஹேட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். "தட்டினான், எனக்குக் கேட்டுச்சு, கேட்டும் திறக்காமப் போயிட்டேன்," என்று மீதிப் பாதியையும் கத்திச் சொல்லிக்கொண்டே கதவை இழுத்தாள். அது இப்போது சுலபமாக முழுசாகத் திறந்துகொண்டது.

உள்ளே தாள்கட்டுகளும் பெயிண்ட் புட்டிகளும் இருந்தன. வேறு யாரும் இல்லை.

மேசையில் குழந்தை தாளை மடித்து, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

திறந்து கிடந்த அந்தக் காலி அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. டார்லாவுக்கும் கேட்டது. வைக்கோல் பொம்மைக்காரனுக்கும் கேட்டது.

"அம்மா," என்றது உள்ளே ஹேட்டியின் குரல். "இன்னும் ஏம்மா திறக்கலை?"