கறுப்பு டிஸ்க் கீழே விழுந்த செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கறுப்பு ஹார்டு டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தது. அதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். தள்ளிவிட்டதும் அதே ஆள்தான்.

அவளுக்கு வயது பத்து. வீட்டில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நின்றால்தானே வேறு பெயர் வைக்க?

அன்றைக்கு அவள் கூடத்தில் தாவிக்கொண்டிருந்தாள். டிஸ்க்கின் ஒயர் கால் கட்டைவிரலில் மாட்டியது. டிஸ்க் பறந்து போய்த் தரையில் 'டொக்' என்று விழுந்தது.

பம்பரம் அதை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். நீல விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டு விளக்கை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

அந்த டிஸ்க் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் அந்த வீட்டின் பாதி அதற்குள் இருந்தது. அப்பா வீடியோ எடிட்டர். அவர் வெட்டி ஒட்டும் படங்கள் எல்லாம் அதில்தான். அம்மா பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். பேச வராத குழந்தைகள் அவரிடம் வருவார்கள். முதல் நாள் எப்படிப் பேசினார்கள், ஆறாம் மாதம் எப்படிப் பேசினார்கள் என்று ஒவ்வொரு குழந்தையின் குரலையும் அம்மா பதிவு செய்து வைத்திருந்தார். தம்பியின் குரலும் அதில் இருந்தது. தம்பி நாலு வயது வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஆறு வயது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவான்.

டிஸ்க் ஒன்று, மேசை இரண்டு. அப்பாவுக்கு வேண்டுமென்றால் அப்பா மேசைக்குப் போகும். அம்மாவுக்கு வேண்டுமென்றால் அம்மா மேசைக்கு வரும்.

இதற்காகத்தான் வீட்டுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி வாங்க வேண்டும் என்று அப்பா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரவுட்டர் பக்கத்தில் அதை வைத்துவிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பெட்டி, உள்ளே எந்த டிஸ்க் என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

"கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க," என்று அம்மா சொன்னார்.

"அவசரம் என்ன? அடுத்த மாசம் புது மாடல் வருதாம். பார்த்துட்டு வாங்கிக்கலாம்," என்றார் அப்பா.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை. பம்பரத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவின் மேசையில் பென்சில் எடுக்கப் போனாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

'டக்.'

அவள் அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டக்.' யாரோ டிஸ்க்குக்குள்ளே நகத்தால் தட்டுவது போல இருந்தது.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இல்லையே," என்றாள். அது உண்மைதான். காய்ச்சல் இல்லை.

சனிக்கிழமை காலை அப்பா அட்டவணையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். "சும்மா கடையில விசாரிச்சுட்டு வருவோம், வரியா?" என்று கேட்டார். பம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டாள். போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முதல் திருப்பத்தில் சொல்லலாம் என்று நினைத்தாள். திருப்பம் வந்தது, போனது. அடுத்த திருப்பமும் போனது. கடையே வந்துவிட்டது.

கடையில் ஓர் அக்கா இருந்தார். ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் தலைமுடியைக் கட்டியிருந்தார். அப்பா நீட்டிய அட்டவணையை மேலிருந்து கீழே வரை பொறுமையாகப் படித்தார்.

"நாலு டிஸ்க் போடுற பெட்டி எதுக்கு சார்? வீட்டுக்குத்தானே? ரெண்டு போடுறதே போதும்," என்றார். "ஒரு டிஸ்க்ல என்ன இருக்கோ அதேதான் இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு காப்பாத்தும்."

"நாலு டெராபைட் டிஸ்க் ரெண்டு போட்டா எட்டு டெராபைட் இடம் கிடைக்குமா?" என்று அப்பா கேட்டார்.

"நாலும் நாலும் இங்க நாலுதான் சார். ரெண்டாவது நாலு முதல் நாலுக்குக் காவல்."

வேறு நாளாக இருந்தால் பம்பரம் சிரித்திருப்பாள். கணக்கு டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். இன்றைக்கு அவள் காதில் 'டக்' மட்டும்தான் கேட்டது.

"டிஸ்க்கும் நாள் முழுக்க ஓடுறதுக்குன்னே செஞ்சதா பார்த்து வாங்கணும்," என்றார் அக்கா. "ஆமா, இப்ப எல்லாத்தையும் எதுல வச்சிருக்கீங்க?"

"ஒரு பழைய டிஸ்க். அது கல்லு மாதிரி நல்லா இருக்கு. அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறேன்."

"சத்தம் ஏதும் வரலையே? கீழே எங்கயும் விழலையே?"

"சேச்சே," என்றார் அப்பா. அட்டவணையை மடிக்கத் தொடங்கினார்.

பம்பரம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அடுத்த மாதம் என்றால் இன்னும் முப்பது நாள். அந்தச் சத்தம் முப்பது நாள் காத்திருக்குமா?

"விழுந்துச்சு," என்றாள்.

அப்பா திரும்பினார். "என்னது?"

"செவ்வாய்க்கிழமை. நான்தான் தட்டிவிட்டேன். நேத்துலேருந்து டக் டக்னு சத்தம் வருது."

அப்பாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இப்ப அந்த டிஸ்க் ஓடிக்கிட்டு இருக்கா?"

சனிக்கிழமை காலை அம்மாவுக்கு வகுப்பு. டிஸ்க் அம்மா மேசையில்தான் இருக்கும். ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. ஓட ஓட இன்னும் கெடும்," என்றார் அக்கா.

அப்பா போனை எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். கடைசியில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஹ... லோ."

"டேய், அம்மா எங்க?"

"அம்... மா... வ..." தம்பிக்கு அவசரப்படுத்தினால் வார்த்தை வராது. அப்பாவின் நெற்றியில் வியர்வை. "சீக்கிரம் சொல்லுடா," என்றார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"என்கிட்ட குடுங்கப்பா," என்று பம்பரம் போனை வாங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தான்டா. அவசரமே இல்ல. மெதுவா சொல்லு."

அவளும் காத்திருந்தாள். அவள் கால்கள் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா... வகுப்புல... இருக்காங்க."

"சரி. இப்ப நீ போனை எடுத்துக்கிட்டு நடந்து போய் அம்மா கையில குடுக்கணும். ஓடாதே. மேசையைத் தொடாதே. ஒயர் கிடக்கும், பார்த்துத் தாண்டு. செய்வியா?"

"செய்... வேன்."

காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவு கிறீச்சிட்டது. எங்கோ ஒரு குழந்தை "ப... ப... படகு" என்று சொல்வது கேட்டது. பம்பரம் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினாறாவது அடியில் அம்மாவின் குரல் வந்தது.

"என்னடி?"

"அம்மா, டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்லேருந்து முறையா நிறுத்திட்டுக் கழட்டுங்க. நான் அதைக் கீழே போட்டுட்டேன். வந்து திட்டு வாங்கிக்கிறேன். இப்பவே நிறுத்துங்க."

அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுட்டி கிளிக் ஆகும் சத்தம் வந்தது. பிறகு, "நிறுத்திட்டேன்," என்றார்.

அக்கா கவுன்டர் மேல் பொருள்களை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்று, டிஸ்க் இரண்டு. "பழைய டிஸ்க்கை இனிமே ஒரே ஒரு தடவைதான் ஓட்டணும். பெட்டிக்குப் பின்னாடியே அதைச் சொருகலாம். வேண்டியதை எல்லாம் காப்பி பண்ணிடுங்க. நடுவுல நின்னுட்டா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீங்க. அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

பம்பரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அக்கா, இந்தப் பெட்டியே கீழே விழுந்தா?"

"ஏன் கேட்கிற?"

"ரெண்டு டிஸ்க்கும் இதுக்குள்ளதானே இருக்கு? விழுந்தா ரெண்டும் சேர்ந்துதானே விழும்? தண்ணி கொட்டினாலும் அப்படித்தானே?"

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "பட்டவங்க கேட்கிற கேள்வி," என்று சிரித்தார். "உண்மைதான். மூணாவதா ஒரு காப்பி வேற வீட்டுல இருக்கணும்." சின்ன டிஸ்க் ஒன்றையும் எடுத்து வைத்தார். அப்பா அட்டவணையை மறுபடி ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை.

வழியெல்லாம் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது பம்பரத்துக்கு.

வீட்டில் வகுப்பு முடிந்திருந்தது. அப்பா புது டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் தள்ளித் திருகினார். ரவுட்டரில் இணைத்தார். பெட்டி தன்னைத் தயார் செய்துகொள்ள முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் இன்னொரு பிரச்சினை வந்தது.

"என் படத்தைத்தான் முதல்ல காப்பி பண்ணணும். திங்கட்கிழமை குடுக்கணும்," என்றார் அப்பா.

"குழந்தைங்க குரல் எல்லாம் போச்சுன்னா திரும்பப் பதிவு பண்ணவா முடியும்?" என்றார் அம்மா.

இருவரின் குரலும் மெல்ல உயர்ந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

"அம்மாவோடது எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?" என்று பம்பரம் கேட்டாள்.

அப்பா கணக்குப் போட்டார். "குரல்தானே, சின்னது. அஞ்சாறு நிமிஷம்."

"உங்க படம்?"

"ஒன்றரை மணி நேரம்."

"அப்ப சின்னதை முதல்ல அனுப்பிடலாமே. பெருசை முதல்ல விட்டு, நடுவுல நின்னுட்டா ரெண்டும் போச்சு. இந்த வாரம் நீங்க எடுத்த வீடியோ கேமரா கார்டுல இருக்குல்ல?"

அப்பா யோசித்தார். "இருக்கு." பிறகு பாதிக் கோபமும் பாதி வியப்புமாக அவளைப் பார்த்துவிட்டு, பழைய டிஸ்க்கின் ஒயரைப் பெட்டியில் சொருகினார்.

விளக்கு எரிந்தது. 'டக்.'

நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்து விழுக்காடு. முப்பது. 'டக்.' ஐம்பத்தெட்டு. எண் அங்கேயே நின்றது. அம்மா பம்பரத்தின் கையைப் பிடித்தார், அல்லது பம்பரம் அம்மாவின் கையைப் பிடித்தாள். அறுபது. எழுபத்தைந்து. நூறு.

அம்மா ஒரு பதிவைத் திறந்து பார்த்தார். ஒரு குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. அம்மா கண்ணை மூடித் திறந்தார். "இருக்கு," என்றார்.

அடுத்தது படம். ஒன்றரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. மூன்று தடவை நின்றது, மூன்று தடவையும் தானாகவே நகர்ந்தது. அப்பா நகத்தைக் கடித்தார். நகம் கடிக்கக் கூடாது என்று தினமும் சொல்பவர் அவர்தான்.

படமும் வந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தவை குடும்பப் புகைப்படங்கள். அவை பாதி வந்திருக்கும். 'டக் டக் டக்' என்று விடாமல் சத்தம் கேட்டது. நீல விளக்கு அணைந்தது.

அப்பாவின் கை ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகப் போனது.

"வேணாம்ப்பா. அந்த அக்கா சொன்னாங்கல்ல," என்றாள் பம்பரம்.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

"ரெண்டு வருஷப் படம் போயிருக்கும்," என்றார் அம்மா மெதுவாக. "கடலுக்குப் போனது, இவன் பிறந்தநாள், எல்லாம்."

அப்போதுதான் பம்பரத்துக்கு அழுகை வந்தது. நாலு நாளாக உள்ளே இருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா எல்லாமே வந்திருக்கும்," என்றாள்.

"வந்திருக்கும்," என்றார் அப்பா. அதை அவர் மறைக்கவில்லை. பிறகு, "நான் ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கியிருந்தாலும் வந்திருக்கும்," என்றார். எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை இருந்த இடத்தில் மிச்சமிருந்த டேப்பை உரித்துப் போட்டார்.

தம்பி பம்பரத்தின் தோளைத் தட்டினான். "அத்தை... போன்ல... படம் இருக்கு," என்றான். "அம்மா... அனுப்பு... வாங்களே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எந்தப் படத்தையும் அழிக்க மாட்டார், வந்த எல்லாவற்றையும் வைத்திருப்பார்.

மறுநாள் காலை அத்தை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பம்பரம் ஜன்னலோரம் கேட்கவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை. எல்லாவற்றையும் காப்பி செய்து துண்டில் சுற்றிய மூன்றாவது டிஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அத்தை கதவைத் திறந்தார். போனிலிருந்த படங்களை எல்லாம் அப்பா கொண்டு வந்திருந்த லேப்டாப்புக்கு அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. கடற்கரைப் படங்கள் வந்தன. பிறந்தநாள் படங்களும் வந்தன. சிலது வரவில்லை.

பிறகு அத்தை அலமாரியைத் திறந்து போர்வைகளுக்கு நடுவில் இடம் செய்தார். "மாசாமாசம் இதை எடுத்துட்டுப் போய்ப் புதுசை ஏத்திக் கொண்டாரது யாரு?"

"நான்தான்," என்றாள் பம்பரம்.

"நீயா? கீழே போட்டுட மாட்டியே?"

பம்பரம் கொஞ்சம் யோசித்தாள். "போட்டா அன்னைக்கே சொல்லிடுவேன் அத்தை," என்றாள்.