அறுபத்தொன்றில் யார்?

மேட்டின் உச்சியில் கார் நின்றபோது மணி நாலுகூட ஆகவில்லை. அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, விளிம்புக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லாமல் செய்திருந்தது. ஈரப்புல் வாசனை அடித்தது. லிஃப்ட் மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். அண்ணி கூப்பிட்டதால் வந்தான்.

அண்ணி பின்சீட்டிலிருந்து கிளைடரை, ரிமோட்டில் திருப்பும் அந்தப் பொம்மை விமானத்தை, இறக்கினாள். அண்ணன் தன் கையால் செய்தது. எஞ்சின் கிடையாது, சரிவில் மோதி மேலேறும் காற்றிலேயே மிதக்கும். போன வருஷம் இதே இடத்தில் அது தலைகுப்புறக் கவிழ்ந்தது. அதையே பார்த்தபடி பின்னால் ஓடிய அண்ணன் விளிம்பைக் கவனிக்காமல் கையிலிருந்த ரிமோட்டோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். உடைந்த இறக்கையை அண்ணியே ஒட்டியிருந்தாள்.

"இத ஒரு தடவ பறக்க விட்டுட்டு தலைமுழுகிடறேன் தம்பி," என்றாள். "பொம்மைக்காக உயிர விட்ட மனுஷன். கால் எங்க போகுதுன்னு பாக்கத் தெரியாதா? என்னை நெனச்சிருந்தா பாத்திருப்பாரு."

மெக்கானிக் தன் ரிமோட்டை எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினான்.

அந்த மேட்டில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. அங்கே பறக்கவிடுகிறவர்கள் எல்லாரும் பழைய ரிமோட்டுக்காரர்கள். ஆளுக்கு ஓர் அலைவரிசை எண். ஒரே எண்ணில் இரண்டு ரிமோட் ஆன் ஆனால், மேலே இருக்கிற விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது, குழம்பிப்போய் விழும். அதனால் ஆன் செய்வதற்கு முன் எண்ணைச் சொல்லி மூன்று முறை கூவ வேண்டும். யாரும் குரல் கொடுக்காவிட்டால்தான் சுவிட்சில் கை வைக்கலாம். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியதால் இருவருக்குமே அறுபத்தொன்று. ஒருவர் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டினார்கள்.

அண்ணன் செத்த அன்று மெக்கானிக் காருக்குள் இருந்தபடி, பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க, கூவாமல் ரிமோட்டை ஆன் செய்தான். அரை நிமிஷம். வெளியே அலறல் கேட்டது. எல்லாரும் காற்றின் மேல் பழியைப் போட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. செத்தவனை அண்ணி திட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைத்து மழுப்புவதில் பிரயோஜனம் இல்லை.

மேட்டில் இன்று இவர்களைத் தவிர ஒரே ஒருவர்: குழுவின் தலைவர், பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், இங்கேயும் விடமாட்டார். அலைவரிசை காலியா என்று காட்டும் முள் வைத்த கருவி அவர் கையில் இருந்தது.

"கூவுப்பா. ஆள் இல்லேன்னாலும் கூவணும்."

"அறுபத்தொண்ணு யாராவது?"

பதில் இல்லை.

"அறுபத்தொண்ணு யாராவது?"

டாக்டர் கருவியைத் தட்டினார். "இருப்பா. முள்ளு ஏறுது. ஆன் பண்ணிட்டியா?"

"இல்ல டாக்டர். உங்களுதா இருக்கும்."

"என்னுது எழுபது. அதுவும் பையிலயே கெடக்கு."

கருவியைக் காரின் பக்கம் திருப்பினார், முள் இறங்கியது. பள்ளத்தின் பக்கம் திருப்பினார், எகிறியது.

"கீழேர்ந்து வருது," என்று கிசுகிசுத்தார். "கீழ வெறும் பாறைதானேப்பா?"

மூன்றாவது முறை கூவியிருக்கவே கூடாது. பழகிய வாய், தானாகக் கூவிவிட்டது.

"அறுபத்தொண்ணு யாராவது?"

"நான் இருக்கேன்."

பள்ளத்திலிருந்து வந்தது. மூச்சு வாங்கியபடி, மேடேறி வருகிற ஆளின் குரல்.

டாக்டர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி விளிம்பருகே கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள். ரிமோட்டுக்கு முன்னால் விமானத்தை ஆன் செய்யக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் வயிற்றுக்கடியில் இருந்த சுவிட்சை எப்போதோ தட்டிவிட்டிருந்தாள்.

வால் அசைந்தது.

இடது பக்கம் இரண்டு முறை. வலது பக்கம் இரண்டு முறை. பிறகு மேலே ஒரு முறை.

பறக்கவிடுவதற்கு முன் அண்ணன் அப்படித்தான் சோதித்துப் பார்ப்பான்.

"தம்பி, நீயா பண்றே?"

அவன் ரிமோட்டைப் புல்லில் போட்டுவிட்டு வெறுங்கையைக் காட்டினான்.

முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. மக்கிய இலை வாசனை வந்தது. கூடவே, அண்ணனின் ஷேவிங் சோப்பு வாசனை.

கிளைடர் அண்ணியை இழுத்தது. அவள் ஓரடி முன்னால் போனாள்.

இன்னும் ஓரடி.

அவள் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டு போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"அண்ணி, விட்டுடுங்க!" மெக்கானிக் அலறினான். "நான்தான்! அன்னிக்குக் கூவாம ஆன் பண்ணது நான்தான்! அண்ணன் மேல தப்பே இல்ல!"

இழுப்பு நின்றது.

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்."

"ஒரு வருஷமா அவர வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருக்கேன். எதிர்ல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தே?"

அவனுக்கு அழுகைதான் வந்தது. அதைக் கண்டு அவள் இரங்கவில்லை.

பள்ளத்தின் பக்கம் திரும்பி, புருஷனிடம் மட்டும் பேசுகிற குரலில், "மன்னிச்சிடுங்க. இந்தாங்க," என்றாள். கிளைடரை வீசினாள். அது ஒரு முறை சாய்ந்து, நிமிர்ந்து, பனிக்குள் போய்விட்டது.

அதன் வாலை அசைக்கும் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒன்றரை மணி நேரம் கழித்தும் இறக்கை காற்றைக் கிழிக்கிற சீறல் பனிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. டாக்டர் கருவியை அங்கேயே போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

திரும்பும்போது அண்ணி அவன் பக்கத்தில் உட்காரவில்லை, பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மேட்டை விட்டு இறங்கியதும் பனி விலகி வெயில் வந்தது. சாலையோர மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. இந்த மாதிரி இடத்தில் எந்தக் கிளைடரும் நிற்காது. நூலறுந்த மாதிரி விழுந்துவிடும்.

கூரைக்கு மேலே சீறல் கேட்டது.

மெக்கானிக் ஆக்சிலேட்டரை மிதித்தான். சீறலும் வேகம் பிடித்தது.

அண்ணி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"மெதுவா ஓட்டு. அவரு நம்மகூட வீட்டுக்கு வர்றாரு."