பன்றி மாதத்துப் பிள்ளை

பன்றி மாதம் பிறந்ததற்கு மணி அடித்ததும் உலைமனைப் பெண்கள் ஏற்றுக்கூண்டை நோக்கி முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். மாதம் பிறக்கும் நாளில்தான் மேல்தளத்து நீர்மனையில் வளரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, காவலாளி விரட்டும் வரைதான்.

"குளிர்கால வாசல் திறந்தது" என்று ஒலிக்குழாய் கூவியது. தமயந்தி முதுகில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத் திட்டினாள். உலையில் வேலை செய்கிறவளுக்கு எந்த வாசல் திறந்தால் என்ன? ஆனால் அவளுக்கு வேறு நாள்காட்டி கிடையாது. மகளைப் பார்க்கும் நாள், பார்க்காத நாட்கள், அவ்வளவுதான்.

பார்க்காத நாட்கள் எல்லா மாதத்திலும் ஒரே அளவு இல்லை. இங்கே பின்பற்றுவது எலி, மாடு, பாம்பு, பன்றி என்று பன்னிரண்டு மாதங்களுக்கும் விலங்குப் பெயர் வைத்த சீன ஜாதகம். அதில் மாதம் சூரியனை வைத்துப் பிறக்கிறது. சூரியன் சுற்றும் வட்டத்தை இருபத்துநான்கு பருவங்களாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றை மாத வாசலாக வைத்தார்கள். நம் சித்திரையும் ஆடியும் சூரியன் ராசி மாறும்போது பிறப்பதைப் போலத்தான். வட்டத்தின் துண்டுகள் சமம், கோள் ஓடும் வேகம் சமமில்லை. பூமியில் ஆனி முப்பத்திரண்டு நாள் வரை இழுத்ததும் மார்கழி இருபத்தொன்பதில் முடிந்ததும் அதனால்தான். இவர்கள் குடியேறிய செவ்வாயின் பாதை இன்னும் கோணல். சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது ஓட்டமாய் ஓடும், தள்ளிப் போனதும் நடக்க மாட்டாமல் நடக்கும். அதனால் பன்றி மாதம் சட்டென்று முடிந்துவிடும். பாம்பு மாதம் கிட்டத்தட்ட அதில் ஒன்றரை மடங்கு. பாம்பு மாதம் முழுக்க மகளைக் காணாமல் கிடந்த தமயந்திக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவளே பாம்பு மாதத்தில் பிறந்தவள், மகள் பன்றி மாதத்தில். பாம்பு நெருப்பு, பன்றி தண்ணீர். நீளமான மாதத்தில் நிறையப் பேர் பிறப்பார்கள், குட்டை மாதத்தில் சிலர்தான் பிறப்பார்கள். இதில் ஒரு அதிசயமும் இல்லை. ஆனால் செங்குழிக் குடியிருப்பில் அந்தச் சிலரை அபூர்வப் பிறப்பு என்று கொண்டாடி, மேல்தளத்து அறைகளையும் சபை நாற்காலிகளையும் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்தது குணக்கணி என்ற எந்திரம். பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்து இந்தப் பள்ளத்தில் குடியேறிய முதல் தலைமுறையில், உலையில் யார் வேகுவது என்பதற்கு அடிதடியே நடந்தது. யாரைப் போகச் சொன்னாலும், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டியா என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில், பிறந்த கணத்தையும் சூரியன் நின்ற கோணத்தையும் கொடுத்தால் ஆளின் குணத்தைச் சொல்லும் எந்திரம் ஒன்றை வைத்தார்கள். ஊர் அடங்கிவிட்டது. மனிதன் சொன்னால் அநியாயம், எந்திரம் சொன்னால் விதி. நெருப்புக்கு உலை, மரத்துக்குத் தோட்டம், உலோகத்துக்குப் பட்டறை, மண்ணுக்குச் சுரங்கம், தண்ணீருக்குச் சபை. பிறகு ஒருநாள் துருப்பிடித்த குழாய் வெடித்து, உலையில் தண்ணீர் கொட்டிப் பலர் வெந்து செத்தார்கள். அன்று அங்கே நீர்ப்பிறப்பு ஒருவன் நின்றிருந்தான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். குழாயை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நீரும் நெருப்பும் ஒரே கூரையின் கீழ் உறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும்கூட விலக்கில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூமிக் கணக்கில் ஒன்பது வயது. ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா. கறை படியிது, நாங்கதான் தொடைக்கணும்."

தமயந்தி கையை எடுத்தாள். "சாப்டியாடா?"

"சாப்டேன். நெருப்புக்காரங்க கிட்ட வந்தாலே வாடை வரும்னு சார் சொல்றாரு. நெசமாம்மா?"

தமயந்திக்குச் சுருக்கென்றது. அந்தச் சார் பின்னாலேயே நின்றிருந்தான். பிறப்புச் சட்டத்தைக் காக்கும் பருவ அதிகாரி கிருபாநிதி, நீர்மனைப் பிள்ளைகளுக்குக் காப்பாளன், பன்றி மாதத்துப் பிறப்பு.

"என்னா சார் சொல்லிக் குடுக்கிறீங்க என் பிள்ளைக்கு?"

"உள்ளதத்தான். தண்ணி பக்கத்துல நெருப்ப வெக்கக் கூடாது. தண்ணிதான் கொதிச்சி ஆவியாப் போவும். பிள்ளை நல்லா இருக்கணும்னா நீ கீழேயே கெட."

"நான் பெத்தவ."

"பெத்தாச்சில்ல? எறங்கு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவன் குரல்வளையைப் பிடிக்கத் துடித்த கையை அவள் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். கூண்டு இறங்கும்போதே முடிவு கட்டிவிட்டாள். கோமளாவைக் கீழே கொண்டுவந்தே தீர வேண்டும். அதற்காகச் செங்குழியே இடிந்து விழுந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

மறுநாளே மேடம் டான் சியூ ஹூனைத் தேடிப் போனாள். சூரியனின் கோணத்தை அளந்து குணக்கணிக்கு ஊட்டுவதும் மாத மணி அடிப்பதும் மேடம் டானுடைய வேலை. மாடு மாதத்தில் பிறந்த மண்காரி, ஆனாலும் கோணம் அளக்க வேறு ஆள் இல்லை என்று சுரங்கத்துக்கு அனுப்பாமல் விட்டிருந்தார்கள். பினாங்குச் சந்தையில் பழகிய பரம்பரை, தமிழில் சண்டை போட யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

"மேடம், ஒங்க புத்தாண்டு சந்திரன வெச்சித்தானே வருது? சந்திரக் கணக்குல பார்த்தா என் பிள்ளைக்கு வேற மாசம் வருமில்ல?"

"எல்லாரும் மொதல்ல இதத்தான் கேப்பீங்க. எங்காளுங்களே பாதிப் பேரு இப்படித்தான் ஒளறுவாங்க. பண்டிகைக்குத்தான் சந்திரன், ஜாதகத்துக்குச் சூரியன். அதுவும் இங்க இருக்கிறது ரெண்டு சந்திரன், ரெண்டும் உருளக்கெழங்கு. அத நம்பி என்னா பண்ணப் போற?"

"அப்ப என் பிள்ளை தண்ணிதானா?"

"வடக்குல தண்ணி."

தமயந்தி நிமிர்ந்தாள். "வடக்குலன்னா?"

சொல்லிவிட்டோமே என்று மேடம் டான் முகத்தைச் சுளித்தாள். "கணக்குப் போட்டவன் சீனாவுல ஒக்காந்து போட்டான். அங்க பன்றி மாசம் குளிரு ஆரம்பம், அதனால தண்ணி. பாம்பு மாசம் கோடை ஆரம்பம், அதனால நெருப்பு. நாம இருக்கிறது இந்தக் கோளோட தெக்குப் பக்கம். இங்க பன்றி மாசத்துல வெக்கையும் புழுதியும்தான். பூமியில ஆஸ்திரேலியா சோசியக்காரங்களும் இதுக்கே அடிச்சிக்கிட்டாங்க. சூரியன் நிக்கிற கோணம்தான் மாசம்னு ஒருத்தன், தரையில அடிக்கிற வெயில்தான் மாசம்னு இன்னொருத்தன். இன்னும் தீரல."

"அப்ப இங்க பன்றி மாசம் நெருப்பு."

"திருப்பினா அப்படித்தான். ஆனா நான் சொல்றதக் கேளு. மாசச் சக்கரத்தத் திருப்பினா..."

"கேட்ட வரைக்கும் போதும் மேடம். இத்தன வருஷம் தெரிஞ்சி வெச்சிக்கிட்டு வாயத் தெறக்காம மணி அடிச்சீங்கல்ல? ஒங்க புத்திமதி எனக்கு வேணாம்."

"எனக்கென்னா," என்று மேடம் டான் கதவைக் காட்டினாள். "எப்படித் திருப்பினாலும் நான் மண்ணுதான். போ."

தமயந்தி போனாள். குணக்கணியின் கணக்கிலேயே ஐயம் வந்தால் சபை முடிவு செய்யக் கூடாது, ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று முதல் தலைமுறை ஒரு விதி வைத்திருந்தது. அதுவரை யாருக்கும் ஐயம் வந்ததில்லை. அடுத்து வந்த எலி மாதத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. வெளியே புழுதிப்புயல் கூரையை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே காற்றுவிசிறிகள் நிற்காமல் ஓடியும் கூட்டம் வெந்தது.

கிருபாநிதி முதலில் பேசினான். "கோணம் கோள் முழுசுக்கும் ஒண்ணு. அதுல யாரும் கை வைக்க முடியாது. வெயில வெச்சி மாசம் சொன்னா, இன்னிக்கி வடக்கு வேற தெக்கு வேறம்பீங்க. நாளைக்கி மேல்தளம் வேற கீழ்தளம் வேறம்பீங்க. அதுக்கு ஒரு முடிவு உண்டா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்த நியாயத்தைக் கேட்கத் தமயந்திக்குப் பொறுமை இல்லை.

"குளிர்காலம்னு மணி அடிக்கிறீங்க, விசிறி நிக்காம ஓடுது. யாருக்குக் குளிருது? எனக்கு முதுகு வேகுது. வெயில் எங்க அடிக்குதோ அங்கதான் கோடை. கோடையில பொறந்தவ நெருப்பு. என் மவ நெருப்பு. எங்கூடத்தான் இருக்கணும்."

"உலைக்காரிக்கு வானத்தப் பத்திப் பேச்சு," என்றான் கிருபாநிதி.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாலு ஓட்டாவது அவனுக்கு மிஞ்சியிருக்கும். உலைமனையே எழுந்து நின்றது. அடுத்த படுக்கைக்காரி ரஞ்சிதம் இரண்டு கையையும் தூக்கினாள். நீளமான மாதங்களில் பிறந்த அத்தனை பேரும் கை தூக்க, குட்டை மாதத்துக்காரர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். தன் மேல் இரக்கப்பட்டு இத்தனை பேர் கை தூக்குகிறார்களே என்று தமயந்தி விம்மினாள். கிருபாநிதியின் முகம் வெளிறிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இதை மறைப்பானேன், மகளை நினைத்ததைவிட அந்த முகத்தை அன்று அதிகம் நினைத்தாள்.

மறுநாள் காலையில் காவலாளி அவள் படுக்கையருகே வந்து நின்றான். "மூட்டையக் கட்டுங்கம்மா. மேல போவணும்."

"எதுக்கு? மவளத்தான் கீழ கொண்டாரணும்."

"பிள்ளை கீழ வருவா. நீங்க நீர்ப்பிறப்பு. இங்க தூங்கக் கூடாது."

தமயந்தி சிரித்துவிட்டாள். எந்திரம் தவறிவிட்டது என்றே நினைத்தாள். எந்திரம் தவறவில்லை. சக்கரத்தைப் பாதிச் சுற்றுத் திருப்பினால் பன்றி இருந்த இடத்துக்குப் பாம்பு வரும், பாம்பு இருந்த இடத்துக்குப் பன்றி போகும். நீர் நெருப்பானது, நெருப்பு நீரானது. தோட்டக்காரர்கள் பட்டறைக்கும் பட்டறைக்காரர்கள் தோட்டத்துக்கும் நடந்தார்கள். மண் மட்டும் மண்ணாகவே இருந்து சுரங்கத்துக்குப் போயிற்று. மகளின் மாதத்தை எத்தனையோ முறை போட்டுப் பார்த்த தமயந்தி, தன் மாதத்தை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

ரஞ்சிதம் மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள். "என்னாடி முழிக்கிற? தெரியாமயா பேசின? நேத்து கை தூக்கினப்பவே நாங்க மேல எந்த ரூம்புன்னு பார்த்து வெச்சாச்சி. ஒன்னத்தான் எல்லாரும் கும்புடுறோம்."

ஏற்றுக்கூண்டின் வாசலில் மேலே போகிறவர்கள் நெருக்கியடித்தார்கள். கீழே இறங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். கடைசியாகக் கிருபாநிதி இறங்கினான். அவன் விரலை இறுகப் பிடித்தபடி கோமளா வந்தாள்.

"அம்மா, நீங்கதான் கூப்புட்டீங்கன்னு சொன்னாங்க," என்றாள் கோமளா. மூட்டையைப் பார்த்தாள். "நீங்க எங்க போறீங்க?"

தமயந்தி அவளை அள்ளப் பாய்ந்தாள். காவலாளி குறுக்கே தடியை நீட்டினான்.

"கவலப்படாதீங்கம்மா," என்றான் கிருபாநிதி. அவன் அவளை முதல் முறையாக மரியாதையோடு அழைத்தான். இனி அவள் மேல்தளத்து ஆள். "பிள்ளை பழகின ஆளோடதான் இருக்கா. தண்ணி பக்கத்துல நெருப்ப வெக்கக் கூடாது பாருங்க."

கூண்டின் கதவு மூடியது. கோமளா அழுதது தமயந்திக்குக் கேட்டது. மற்றவர்களின் சிரிப்பில் அது சீக்கிரமே அமுங்கிவிட்டது.

வழக்கை வென்றவள் என்று அவளுக்குச் சபையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து நாற்காலிகளில் எல்லாம் பழைய உலைக்காரர்கள். முதல் பிரச்சினையே உலைதான். குட்டை மாதத்தில் பிறந்தவர்கள் சொற்பம், உலைக்கு ஆள் போதவில்லை. ஒன்பது வயதிலிருந்தே பிள்ளைகளைப் பழக்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல யோசனை என்று ரஞ்சிதம் சொன்னாள்.

தமயந்தி எழுந்தாள். "சக்கரத்தப் பழையபடி திருப்புங்க. இந்தச் சட்டமே வேணாம், தூக்கிப் போடுங்க."

ரஞ்சிதம்தான் கேட்டாள், "நாம எத்தன வருஷம் வெந்தோம்? அப்ப யாராவது தூக்கிப் போட்டாங்களா?"

"அவ என் பிள்ளைடி."

"நெருப்புப் பிள்ளை. ஊரக் கூட்டி நீயேதானே சொன்ன?"

பிள்ளைகளை உலையில் பழக்குவதற்குக் கைகள் உயர்ந்தன. கூட்டத்தில் பார்த்த அதே கைகள்தான். தமயந்தி எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பிறந்தது. பழைய கணக்கில் அது மாடு மாதம், சிறுகுளிர் வாசல். தமயந்தி கேட்டபடியே ஒலிக்குழாய் இப்போது "சிறுவெப்ப வாசல் திறந்தது" என்று கூவியது. மணி அடித்தவள் மேடம் டான்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது உலைப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கோமளாவின் புருவம் கருகியிருந்தது. அவள் கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். கையை எடுத்ததும் அங்கே கரிக்கறை நின்றது. தமயந்தி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். கறை அந்தப் பக்கம் இருந்தது.

"நேரம் முடிஞ்சிதும்மா," என்று காவலாளி பணிவாகச் சொன்னான். "அடுத்த வாசலுக்கு வாங்க."

செவ்வாய் சூரியனைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. இனி பழைய கணக்குப் பாம்பு மாதம் வரையில் ஒவ்வொரு மாதமும் போன மாதத்தைவிட நீளமாகத்தான் வரும்.