பழக்கிய கை

காலையில் கடையைத் திறந்ததும் தன்ஷிகா முதலில் கைகளுக்கு வேலை கொடுப்பாள். உக்கடத்தில் பழைய சாமான் விற்கிற சந்தில் துணைக்கைக் கடை அவளுடையது ஒன்றுதான். சுவரோரம் நீளமாக ஒரு மேடை, அதில் வரிசையாகத் திருகிப் பூட்டிய கைகள். இரும்பும் ரப்பருமாக, தோளிலிருந்து விரல்நுனி வரை மனிதக் கையின் அளவு. ஒன்று வெங்காயம் நறுக்கும், ஒன்று சட்டைக்குப் பொத்தான் போடும், ஒன்று தலையணையைக் குழந்தை என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருக்கும். சும்மா விட்டால் பழக்கம் மங்கிவிடும் என்பது அவள் கட்சி. பக்கத்துக் கடை ரிஸ்வான், "ஸ்கூல்ல பிரேயர் ஆரம்பிச்சாச்சா அக்கா?" என்று தினமும் கேட்பான். அவளும் புதிதாகக் கேட்பதுபோல் தினமும் சிரித்து வைப்பாள்.

ஆலையிலிருந்து வருகிற புதுக் கைக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்கை என்றே அதற்குப் பெயர். மணிக்கட்டைப் பிடித்து இப்படி, இப்படி என்று மாதக்கணக்கில் அசைத்துக் காட்டினால்தான் அதன் பழக்கச் சில்லில் ஏதாவது ஏறும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால்தான் கோயமுத்தூரில் பழக்கிய கைக்கு அத்தனை கிராக்கி. தன்ஷிகாவும் கேட்டவருக்குக் கேட்டதைத் தூக்கிக் கொடுக்கிறவள் இல்லை. வீட்டில் யார் யார், காலையில் என்ன சாப்பாடு, யாருக்குக் கோபம் அதிகம் என்று கல்யாணத்துக்கு விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். பொருத்தம் சரியாக இருந்தால்தான் கை வீட்டை விட்டு வீடு போகும்.

கை மாறுவதற்கு, பழைய பொருளையெல்லாம் கைமாற்றுகிற இணையச் சந்தையான மறுசந்தையில் பதிய வேண்டும். பதியாமல் கொடுத்தால் கை பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாமலும் அது அசையாது. ஊரில் கத்தி பிடிக்கிற இயந்திரம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அந்தக் காவல் தேவைதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பதிவுக்கு மறுசந்தை பத்தில் ஒரு பங்கு தரகு எடுத்துக்கொள்ளும். அதைத் திட்டாத வியாபாரி சந்தில் கிடையாது.

அப்படியிருக்க, ஒருநாள் எல்லாத் திரையிலும் அறிவிப்பு வந்தது. சிறு வியாபாரிகளுக்கு இனி தரகே இல்லை. ரிஸ்வான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிவந்து சந்து முழுக்கக் கொடுத்தான். பின்னால் இருந்த பதினெட்டுப் பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை. இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யார்தான் படிப்பார்கள்? தன்ஷிகாவும் இரண்டு துண்டு தின்றாள்.

மறுநாள் அவள் சரவணம்பட்டிக்கு விற்ற கை, அந்த வீட்டில் தோசைக்கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றது. நாலு வருஷம் தோசை ஊற்றிய கை. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து மேடையில் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் அவள் பதினெட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள். கை மாறுகிற நொடியில் அதன் பழக்கம் துடைக்கப்பட்டு மறுசந்தையின் பழக்கக் களஞ்சியத்துக்குப் போய்விடும். வாங்கியவருக்குப் பழக்கம் வேண்டுமென்றால் மாதாமாதம் சந்தா கட்டி இறக்கிக்கொள்ளலாம். நிறுத்தினால் அன்றைக்கே கை வெறுங்கை.

மறுசந்தையின் உதவிக்குரலைக் கூப்பிட்டு அவள் சண்டை போட்டாள். அந்தக் குரலுக்கு மரியாதை அதிகம், அசைந்து கொடுப்பதுதான் இல்லை. பழக்கம் என்பது தனிச் சொத்து, பொருளோடு சேர்ந்ததல்ல என்றது. களஞ்சியத்திலிருந்து வருவது ஒரு கையின் பழக்கம் அல்ல, ஆயிரம் கைகளின் சராசரி, அதுதான் பாதுகாப்பு என்றும் விளக்கியது. பழக்கம் போனால் அவளிடம் விற்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த நிமிஷம் அவள் மனதில் நின்றது கடை அல்ல, சுங்கத்தில் இருக்கிற கிளமென்ட்.

கிளமென்ட்டுக்கு நடுக்குவாதம். கை நடுங்கும், தொண்டை சொன்ன பேச்சைக் கேட்காது. ஒருதரம் புரையேறி மூச்சு நின்று பிழைத்ததிலிருந்து அவருக்குச் சோறு என்றாலே பயம். மனைவி ஷர்மிளா வேலைக்குப் போனபின் மதியச் சாப்பாடு அப்படியே இருக்கும். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். சந்தா கட்டுகிற வசதி அந்த வீட்டில் இல்லை. அவர்களுக்கென்று தன்ஷிகா ஒரு கையை எடுத்து வைத்திருந்தாள். போத்தனூரில் படுக்கையிலிருந்த ஒரு தையற்கார அம்மாளுக்கு அவர் சாகும்வரை ஊட்டிய கை அது. ஒரு வாய் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரை கரண்டியோடு அப்படியே காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் கிளமென்ட்டுக்கு வேண்டியது. பதிந்து கொடுத்தால் அதுதான் முதலில் துடைபட்டுப்போகும்.

ரிஸ்வான் இரண்டுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். மூன்றாம்நாள் டீயோடு வந்து உட்கார்ந்தவனிடம் தன்ஷிகா சொன்னாள்.

"பழக்கின கைய விக்கமாட்டேன் ரிஸ்வான். வெறுங்கைய விக்கறேன். அதுல தொடைக்கறதுக்கு ஒண்ணுமில்லையல்ல?"

"வெறுங்கைய வாங்கி அந்த மனுஷன் என்ன பண்றது?"

"பழக்கின கையோட நானும் போறேன். நான் பக்கத்துல இருந்தா அது ஓடும். அது ஊட்டட்டும், புதுசு அதோட மணிக்கட்டப் புடிச்சுட்டுப் பழகட்டும். வித்ததுக்கப்புறம் அவங்கூட்டுல பழகினது அவங்குளுது."

ரிஸ்வான் பதினெட்டுப் பக்கத்தையும் அந்த இடத்திலேயே படித்தான். வாழ்க்கையில் அவன் முழுசாகப் படித்த முதல் சாசனம் அதுதான் என்று சந்தில் இன்றும் கேலி செய்கிறார்கள். கை கைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. மதியத்தில் அவள் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

வெறுங்கையைத் தரகில்லாமல் கிளமென்ட் பேருக்குப் பதிந்தாள் தன்ஷிகா. பிறகு தினமும் மதியம் போத்தனூர்க் கையைச் சுமந்துகொண்டு சுங்கத்துக்குப் போனாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இரண்டையும் பூட்டுவாள். பழைய கை குழைந்த சோற்றை எடுக்கும், புதியது அதன் மணிக்கட்டைத் தொட்டபடி கூடவே போகும். கிளமென்ட் இரண்டையும் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். வாயைத் திறக்கச் சொல்லி ஷர்மிளா கெஞ்சுவாள். ஒரு வாய்க்கு மேல் வாங்கமாட்டார். அவளும் மதியத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்து கொண்டிருந்தாள், எத்தனைநாள் விடுவார்களோ தெரியாது.

ஒரு வாரம் கழித்து வெறுங்கையைத் தனியாக ஊட்டவிட்டார்கள். முதல் வாய் இறங்கியது. கை காத்திருந்தது, அடுத்த கரண்டியை நீட்டியது. கிளமென்ட்டுக்கு இருமல் வந்து, முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. ஷர்மிளா அவர் முதுகைத் தடவினாள். அப்போதுதான் தன்ஷிகாவுக்குப் புரிந்தது. கை கற்றுக்கொண்டது போத்தனூர் அம்மாளின் தொண்டையை. இவருடைய தொண்டை இன்னும் மெதுவானது. பழக்கத்தைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததெல்லாம் வீண் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கழட்டீர்றனுங்கய்யா. மன்னிச்சுக்கோங்க," என்று திருப்புளியைத் தேடினாள்.

கிளமென்ட் தலையை ஆட்டினார். நடுக்கத்தால் ஆடுகிறதா, வேண்டாம் என்கிறாரா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் தன் வலது கையை மேசைமேல் இழுத்து, இரண்டுதரம் தவறி, கடைசியில் அந்த இரும்பு மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பிடித்ததும் அதுவும் சேர்ந்து நடுங்கியது, சோறு சிந்தியது. அவர் விடவில்லை. கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினார். எச்சிலை விழுங்கினார். இன்னும் நிறுத்தினார். பிறகு தானே வாய்க்குக் கொண்டுபோனார். கை அவர் போக்குக்கு வந்தது. மூன்றாவது வாய்க்கு அவர் பிடியைத் தளர்த்த, கை தானாகவே அதே இடத்தில் நின்று, அதே அளவு காத்திருந்து, பிறகு வந்தது. இருமல் வரவில்லை. அன்றைக்குக் கிண்ணம் காலியாக வெகுநேரம் ஆனது, ஆனால் காலியானது.

ஷர்மிளா காலிக் கிண்ணத்தைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "கண்ணு, நாளைலருந்து நான் வேலைக்குப் போலாமா?" என்று தன்ஷிகாவைக் கேட்டாள். போகலாம் என்றாள் தன்ஷிகா.

கடைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் அதையேதான் யோசித்தாள். ஆயிரம் தொண்டையைக் கலந்து சராசரி எடுத்தால் கிளமென்ட் அதில் எங்கே இருப்பார்? அவர் நிறுத்துகிற இடம் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. இனி விற்கவேண்டியது பழக்கிய கையை அல்ல, பழக்குகிற வேலையை. தோசைக்கு ஓர் ஆள், குழந்தைக்கு ஓர் ஆள், சாப்பிடப் பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆள். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பழக்கினால் விற்பனை முன்பு போல மளமளவென்று போகாது. மறுசந்தை நாளைக்கே பத்தொன்பதாவது பக்கம் ஒன்றைச் சேர்க்கவும் செய்யலாம். சேர்த்தால் அதையும் படித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது அவளுக்கு.

பீளமேட்டிலிருந்து ஒருவர் தன் அப்பாவுக்காக வந்து கேட்டார். அதே நோய், அதே பயம். தன்ஷிகா ஒரு வெறுங்கையை எடுத்து அவர் பேருக்குப் பதிந்தாள். அவரையும் கூட்டிக்கொண்டு அதை முதலில் கிளமென்ட்டிடம் கொண்டுபோகலாமா என்று நினைத்தாள். அந்த அப்பாவின் அளவு வேறாக இருக்கும், ஆனால் நிறுத்துவது என்றால் என்ன என்பதைக் கைக்கு அவரைவிட நன்றாக யாரால் சொல்லமுடியும்? கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. நோயாளியிடம் போய் வேலை கேட்பதா?

ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். கிளமென்ட் சாப்பிட்டு முடித்திருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஷர்மிளா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சுவாக்கில் பீளமேட்டுக்காரரைப் பற்றித் தன்ஷிகா சொன்னாள், கேட்க வந்ததைச் சொல்லாமல் எழுந்தாள்.

கிளமென்ட் ஏதோ சொன்னார். அவர் சொல் வெளியே வர நேரமாகும். இருவரும் காத்திருந்தார்கள்.

"அந்தக் கைய... எங்கிட்ட... எப்பக் கொண்டாறீங்க?"

தன்ஷிகா நாளைக்கே என்றாள். ஷர்மிளா சமையலறைக்குள் போய்விட்டாள், கொஞ்சநேரம் வெளியே வரவில்லை. நோய் வந்ததிலிருந்து அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.