நாலில் ஒன்று

எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வேண்டுமென்றால் முதலில் நாணயக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்தது. அடுத்து?" என்று சுவரில் இருக்கும் தெளிவுமானி கேட்கும். 'இனி பூதான் விழும்' என்று உளறினால் போச்சு. அன்றைக்கு என்ன வாங்குவது, எந்த பஸ்ஸில் போவது எல்லாமே அதன் கைக்குப் போய்விடும். தெருவில் அதனிடம் சிக்காத வீடில்லை. என் அம்மா முத்தரசி மட்டும் சிக்கியதே கிடையாது. "பாதிக்குப் பாதி. போய் வேற வேலையிருந்தா பாரு" என்று அதையே அதட்டுவாள்.

கல்யாணம், அறுவை சிகிச்சை, குழந்தை என்றால் தெளிவு மன்றத்துக்கே போக வேண்டும். அம்மாவும் அப்பாவும் இரண்டாவது குழந்தைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். நான் பிறவியிலேயே காது கேளாதவள். அடுத்த குழந்தைக்கும் அப்படி ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால்தான் விசாரணை. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

மதிப்பீட்டாளர் ஜெபசிங் மரியாதையான மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நிகழ்தகவுக் கேள்வி எல்லாத்துக்கும் சரியா சொல்லிருக்கிய, ரொம்ப சந்தோஷம். ஆனா நாலுல ஒரு பங்கு தோக்குற பந்தயத்துல சேமிப்பைக் கட்டுவீங்களான்னு கேட்டா மாட்டேங்கிய. அதே நாலுல ஒண்ணு, குழந்தைன்னா சரிங்கிய. இப்படி முரணா இருந்தா அனுமதி கிடையாதும்மா."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஒருமுறை மறுத்தால் மறுபடி கேட்க வழியில்லை. அம்மா அசரவில்லை.

"பந்தயத்துல தோத்தா சேமிப்பு போயிரும். இதுல என்னய்யா போகும்?"

"இல்ல, குழந்தைக்குக் காது கேக்காம..."

"அந்தப் புள்ள இங்கனதான் உக்காந்திருக்கா. பேரு வடிவு. கோவம் வந்தா வீடு தாங்காது, சிரிச்சா தெருவே திரும்பிப் பாக்கும். இவளைப் போய் தோல்விக் கணக்குல எழுதினது யாரு? எனக்கு நாலும் ஜெயிப்புதான்!"

ஜெபசிங் திரையைப் பார்த்தார். மூன்றுக்கு எதிரே 'வெற்றி', ஒன்றுக்கு எதிரே 'இழப்பு' என்று இருந்தது. யாரையும் கேட்டு எழுதியதில்லை. மன்றத்துத் தெளிவுமானி தானாகப் போட்டுக்கொண்டது.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார். அவ்வளவு நேரத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அழிங்க" என்று சைகை காட்டினேன். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழித்தார். மானி மறுபடி கணக்குப் போட்டது. முரண் எதுவும் இல்லை, அனுமதிக்கலாம் என்றது. அப்பா அழுதேவிட்டார். நான் அழவில்லை. என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.