நீளமும் நீக்கமும்

குள்ளஞ்சாவடி ரோட்டிலிருந்து பிரிந்து சுரங்கத்துப் பக்கமாகப் போகிற கிளைச்சாலையின் முனையில் வளர்மதி ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அய்யாசாமி, மடியில் அணைத்து வைத்திருந்த அளவுச் சக்கரத்தோடு இறங்கினார். சைக்கிள் சக்கரத்தில் பாதி இருக்கும். நீண்ட கைப்பிடி, அதன் அடியில் எண் காட்டும் சின்னப் பெட்டி. தரையில் வைத்துத் தள்ளினால் மீட்டருக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் போட்டு எண் ஒன்று கூடும்.

வெயில் வெள்ளையாக அடித்தது. தூரத்தில் சுரங்கத்து மண்மேடு மலைபோல் கிடந்தது. முந்திரி இலைகளின் மேல் புழுதி படிந்து மரங்கள் எல்லாம் நரைத்திருந்தன.

"அண்ணே, பதிவேட்டுல எண்ணூறு மீட்டர்தான் போட்டிருக்கு," என்றாள் வளர்மதி, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டே. சாலை ஆபீஸில் புதிதாக வந்த ஓவர்சியர் அவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். "அரை மணி நேரத்துல முடிச்சிட்டு சாப்பிடப் போயிரலாம். என்ன, காலைலேர்ந்து பேச்சே காணோம்? அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்று அய்யாசாமி எண்ணைப் பூஜ்யத்தில் வைத்தார்.

டிக்.

முப்பது வருஷமாக ரோட்டு வேலை. பத்தொன்பது வருஷம் தினக்கூலி, பிறகுதான் பர்மனென்ட். எங்கே குழி விழுந்தது, எங்கே மதகு உடைந்தது என்று அவர் கால்களுக்குத் தெரியும். ஆனால் கால்களுக்குத் தெரிந்து ஆவதென்ன? ஆபீஸில் ஒரு தடித்த பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு எண், தொடக்கம், முடிவு, நீளம், எத்தனை மதகு. அதில் ஏறினால்தான் ஜல்லி, தார், ஆள். ஏறாவிட்டால் அது எத்தனை பேர் நடந்தாலும் வெறும் மண். இந்த வருஷம் அந்தப் பதிவேட்டையே கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். பதினைந்தாம் தேதி சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அதற்குள் எல்லாச் சாலையையும் ஒருதரம் அளந்து சரிபார்க்க வேண்டும். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

எண்ணூறாவது 'டிக்'கில் தார் முடிந்தது. கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தது. அதற்கு அப்பால் செம்மண்ணும் பள்ளமும். இரண்டு எட்டு தள்ளி ஒரு மதகு வாய் பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு முந்திரி மரம். புழுதி எல்லா மரத்திலும் இருந்தது. அந்த ஒரு மரத்தில் மட்டும் இல்லை. யாரோ தினமும் துடைத்துவிடுவதுபோல் இலைகள் பளபளத்தன.

"முடிஞ்சுது," என்றாள் வளர்மதி.

அய்யாசாமி நிற்கவில்லை. நிற்க நினைத்தார், கை தள்ளிக்கொண்டே போனது. "இன்னும் ரோடு போவுதுங்க. உள்ளார வூடுங்க இருக்கு."

"வீடு இருக்கா? அப்ப ஏன் பதிவேட்டுல இல்ல?"

ஏன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சாலையின் கடைசி எண்ணூறு மீட்டர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மூன்று கிலோமீட்டர் நானூறு மீட்டரில் எண்ணூறு கழிந்து, இரண்டாயிரத்து அறுநூறு மிச்சம். அளந்து வந்த தாளை நிரப்ப வேண்டியவர் எழுத்தர் வைத்திலிங்கம். அவர் பேனாவை அய்யாசாமியிடம் நீட்டினார். "யோவ், நீதான் நாப்பது வயசுல எழுதப் படிக்கக் கத்துகினு வந்திருக்கியே. நீயே நெரப்பு, பாப்போம்." ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அதுவரை கைநாட்டு அய்யாசாமி. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். தாளில் இரண்டு கட்டங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று நீளம். ஒன்று நீக்கம். இரண்டும் 'நீ'யில் தொடங்கி 'ம்'மில் முடிந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு முதலும் கடைசியும்தான் கண்ணில் படும். நீக்கத்தில் 2600 எழுதினார். நீளத்தில் 800. கீழே கையெழுத்து, புள்ளி வைத்து, அழகாக.

சாலை அப்படியே பதிவேட்டில் ஏறியது. முனையிலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மட்டும் வருஷா வருஷம் பழுது பார்த்தார்கள். மீதியில் ஒரு கூடை மண்ணும் விழவில்லை. உள்ளே பதினோரு வீடு.

இரண்டு மழைக்காலம் தாண்டி மதகு உடைந்தது. அந்த ஐப்பசியில் அங்கே சத்யா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் எண்ணூறாவது மீட்டரில் நின்றுவிட்டது. நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து அவளைத் தூக்கிவந்தார்கள். மதகுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் அம்மா செந்தாமரை மனுவோடு ஆபீஸுக்கு வந்தாள். வைத்திலிங்கம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். "எண்ணூறு மீட்டர். தார் ரோடு, நல்லாத்தானேம்மா இருக்கு? அதுக்கு மேல ரோடே கெடையாது." அய்யாசாமி அந்த நேரம் டீத்தூக்கோடு கதவருகில் நின்றார். அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது மீட்டரில் செந்தாமரையின் வீடு. பதினொன்றில் இப்போது ஐந்து வீடுதான் மிச்சம். வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சக்கரத்தைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வாங்க. இன்னிக்குத்தான் ஆளோட வந்திருக்கீங்க."

"என்னம்மா சொல்றீங்க?" என்றாள் வளர்மதி.

"தெனம் மத்தியானம் சுரங்கத்துல சங்கு ஊதினதும் இந்தச் சத்தந்தான். டிக்கு டிக்குன்னு அளந்துகினு போவும். எட்டிப் பாத்தா ஆளு இருக்காது." ஊர்க்கதை பேசுகிற குரலில்தான் சொன்னாள். "எம் பொண்ணு கட்டில்ல போறப்ப அதையேதான் கேட்டுகினு போனா. இன்னும் எம்மாந்தூரம், இன்னும் எம்மாந்தூரம்னு. தூக்கினவங்க கிட்டக்க வந்துட்டோம், கிட்டக்க வந்துட்டோம்னே சொன்னாங்க. பொய்தானே? அதான் அவளே அளந்து பாக்குறா."

வளர்மதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அண்ணே, இத சரி பண்ண வழி இருக்கு. பழைய தாள்ல யாரோ தப்பா எழுதியிருக்கணும்; நாம அளந்தது மட்டும் பத்தாது, எழுதுன ஆளே தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு வாக்குமூலம் குடுக்கணும். பதினஞ்சுக்குள்ள ஏத்திரலாம். அப்புறம் யாராலயும் முடியாது. யார் எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

செந்தாமரை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலீங்க," என்றார் அய்யாசாமி. "நான் போயி கடைசி வரைக்கும் அளந்துட்டு வந்துடறேன்."

தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டாயிரத்து அறுநூறில் சாலை கரையில் முட்டி நின்றது. கரைக்கு அந்தப் பக்கம் சுரங்கப் பள்ளம். கரையோரம் ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு செங்கல். பழைய சுடுகாடும் சுரங்கத்தோடு போய்விட்டதால் சத்யாவை இங்கேதான் புதைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

ஊதி ஓய்ந்ததும் எல்லாம் ஓய்ந்தது. பள்ளத்தில் நிலக்கரி ஏற்றி ஓயாமல் ஓடும் பெல்ட்டின் இரைச்சல்கூட இல்லை. காலடியில் நிழல் இல்லை. நனைந்த நிலக்கரியின் வாடை எழுந்தது. அதற்குள் இன்னொரு வாடை: விளக்கெண்ணெயும் ரத்தமும், பிள்ளை பிறக்கிற அறையின் வாடை.

டிக்.

சக்கரம் அசையவில்லை.

டிக். டிக்.

அவர் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். அந்தரத்தில் அது மெல்லச் சுற்றியது. நோயாளியைத் தூக்கிப் போகிறவர்கள் நடப்பதுபோல, ஆட்டாமல், அலுங்காமல் சுற்றியது. எங்கோ கயிற்றுக் கட்டில் முனகியது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியது.

"இன்னும் எம்மாந்தூரம்?"

அய்யாசாமி ஓடினார். சக்கரத்தை விடாமல் ஓடினார். அது அரசாங்கச் சாமான். தொலைந்தால் அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோர் ரூமில் மாட்டியிருந்த சக்கரத்தை எதேச்சையாகப் பார்த்தார். முந்தின சாயங்காலம் அவரே பூஜ்யம் வைத்துப் பூட்டியது. 800 காட்டியது.

அதற்கு மறுநாள் 1600.

கணக்கு அவருக்கு எழுத்துக்கு முன்னாலேயே தெரியும். தினம் எண்ணூறு, அவர் எழுதிக் கொடுத்த எண்ணூறு. ஒரு நாளைக்கு அவளுக்கு அவ்வளவுதான் ரோடு. சமாதியிலிருந்து முனைக்கு இரண்டாயிரத்து அறுநூறு. முனையிலிருந்து மெயின் ரோட்டோடு போய் ஆயிரத்து நானூறு மீட்டரில், மொத்தம் நாலாயிரத்தில், ஒரு வீடு.

அது அவர் வீடு.

மூன்றாம் நாள் 2400. நான்காம் நாள் 3200. அன்று ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். பெண்சாதி, "யாருக்கு என்ன கெடுதல் பண்ணினு வந்து இப்படிக் குந்திகினு இருக்க?" என்று விளையாட்டாய்க் கேட்டாள். அவர் ஒரு தாளை எடுத்து எழுத்துக் கூட்டி எழுதினார். 'நான் எழுதினது நீக்கம். எழுத வேண்டியது நீளம். அய்யாசாமி.' எழுதி முடித்துப் பத்து தடவை படித்துப் பார்த்தார்.

பதினைந்தாம் தேதி அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். கதவருகில் கால் நின்றது. உள்ளே வைத்திலிங்கம் வேறு யாரோ தொழிலாளி கொடுத்த லீவு லெட்டரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "வயிற்றுவலி இல்லியாம், வயற்றுவளியாம்! வயித்துக்குள்ள வளி அடிக்குதாம்டா!" ஆபீஸே சிரித்தது. வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை. கதவை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

அவள் கேட்ட விதத்தில், அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று பட்டது. பழைய தாளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்லீங்க. உடம்பு சரியில்ல, வூட்டுக்குப் போறேன்."

எட்டு வருஷம் பொத்திக் காத்தது இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் போனது தெரிந்தும் இந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தார்.

வீட்டில் பெண்சாதி இல்லை. ரேஷன் கடைக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் வருவாள். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தார். சங்கு ஊதியது.

தெரு முனையில் கேட்டது.

டிக். டிக். டிக்.

அவசரமே இல்லை. கூடவே நாலு பேர் மூச்சு. கட்டில் முனகல். பக்கத்து வீட்டு நாய் ஒருதரம் குரைத்து, பாதியில் நிறுத்தியது.

வாசலில் வந்து நின்றது.

கதவிடுக்கில் விளக்கெண்ணெய் வாடை.

"இன்னும் எம்மாந்தூரம்?"

"வந்துட்டம்மா," என்றார் அய்யாசாமி. சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளினார். "எழுதிட்டேம்மா. இந்தா. எல்லாம் எழுதிட்டேன்."

வெளியே காகிதம் சரசரத்தது. யாரோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுபோல் வெகுநேரம் சரசரத்தது. பிறகு அமைதி. தூரத்துச் சுரங்கத்தின் பெல்ட் இரைச்சல் மறுபடி கேட்டது. கதவைத் திறந்தார். ஆளும் இல்லை, தாளும் இல்லை. படியில் வெயில் மட்டும் இருந்தது.

தாள் இல்லை. ஆனால் இன்னொன்று எழுதலாம், மணி ஒன்றுகூட ஆகவில்லை, சாயங்காலம்தான் பூட்டுவார்கள். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், கதவை மறுபடி தாழிட்டுப் படுத்துக்கொண்டார். அவள்தான் வாங்கிக்கொண்டு போய்விட்டாளே, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்தரைக்கு வளர்மதி போன் செய்தாள்.

"பூட்டியாச்சு அண்ணே. எண்ணூறுதான் ஏறிச்சு. அஞ்சு மணி வரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்." யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவள் சொல்லவில்லை. "இன்னொண்ணு. அளவுச் சக்கரத்த நீங்களா எடுத்துட்டுப் போனீங்க? ஸ்டோர் ரூம் பூட்டினபடி இருக்கு, உள்ள சக்கரத்தக் காணோம்."

அய்யாசாமி திரும்பினார்.

தாழிட்ட வீட்டுக்குள், அவர் படுத்திருந்த பாயின் தலைமாட்டில், சுவரோடு சாய்ந்து நின்றது சக்கரம். அதன் ரப்பரிலிருந்து நனைந்த நிலக்கரிச் சேறு கறுப்பாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் 4000.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது.

டிக்.

4001.