எதிர்த் திசையில் சாய்ந்த புல்

கிரீடம் காணாமல் போன அன்று காலை 7.40. பாகலூர் சாலைப் புது வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள்.

வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ், கூடத்தில் மாதா சுரூபத்துக்கு எதிரே மர நாற்காலியில். மனைவி அற்புதமேரி, சுரூபத்தின் கீழே தரையில், கிரீடம் இருந்த வெறும் பெட்டியை மடியில் வைத்தபடி. மைக்கேல்ராஜின் தம்பி எட்சன், கம்பெனிச் சீருடையில், ஜன்னலோர சோபாவில். வெளியே போர்ட்டிகோ படியில், செயற்கைப் புல் பதிக்கும் ஆஞ்சப்பன். அவரை இடித்துக்கொண்டு கான்ஸ்டபிள் பூபதி. சப்-இன்ஸ்பெக்டர் சரிதா மட்டும் உட்காரவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளையும், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த எட்சனின் கம்பெனி ஷூவையும் பார்த்தபடி உள்ளே வந்தவர், நின்றுகொண்டே கேட்டார்.

"கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?"

"நேத்து மத்தியானம் துடைச்சு வெச்சன் மேடம். காலையில ஜெபத்துக்குத் தொறந்தா இல்ல. நாளைக்குத் தேரு. கிரீடம் இல்லாம மாதாவ எப்படி வெளிய கொண்டாறது?"

"நடுவுல யார் வந்தாங்க?"

"புல்லு போடற ஆளுங்கதான்," என்றார் மைக்கேல்ராஜ். "இந்த ஆளு தண்ணி கேட்டு கூடம் வரைக்கும் வந்தான். ஆறு மணிக்குக் கெளம்பிட்டாங்க. இவன் போட்டோவ லேஅவுட் குரூப்புல போட்டுட்டன். காண்ட்ராக்டரும் வேலைய விட்டு நிறுத்திட்டாரு."

"நீங்க?"

"ஷிப்ட் முடிஞ்சு ஏழு மணிக்கு வந்தன்," என்றான் எட்சன். "வேலையெல்லாம் முடிஞ்சிருந்தது. ராத்திரி இங்கயே படுத்துட்டன். அப்புறம் வெளிய போகல."

கேட் கேமரா எதையும் மறைக்கவில்லை. வேலையாட்கள் கடப்பாறையும் பிரஷும் மட்டுமே தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழுக்குப் பிறகு விடியும்வரை கேட்டைத் தாண்டியவர் யாருமில்லை. வீட்டையும் சல்லடை போட்டாயிற்று.

ஆஞ்சப்பன் படியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். "திருடனவன் திரும்பி வருவனா மேடம்? மூலையில ஒரு துண்டு ஒட்டாம நின்னுபோச்சு, பசை தீந்திருச்சு. அத ஒட்டத்தான் வந்தன். இனிமே எந்த வூட்ல என்னைய உள்ள விடுவாங்க?"

"பொதச்சதுக்கு மேல பசை போட வந்தியா?" என்றான் பூபதி.

சரிதா சட்டென்று போர்ட்டிகோவுக்கு வந்தார்.

சுற்றுவட்டாரமெல்லாம் செம்மண். இந்த மனை மட்டும் பழைய ஏரி, கறுப்புக் களி. போன மழைக்காலத்தில் இங்கே கால் வைத்தவர்கள் செருப்பை விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். இப்போது களியை ஓரடி வெட்டி எடுத்து, ஜல்லியும் கிரஷர் கல்தூளும் இறுக்கி, மேலே புல் விரித்து, இழைகளுக்கிடையே வெள்ளை மணல் தூவியிருந்தார்கள். சுவருக்குச் சுவர் ஒரே பச்சை. விடியலில் கொட்டித் தீர்த்த மழையை அந்தப் பச்சை சத்தமில்லாமல் குடித்துவிட்டிருந்தது. இழைகள் எல்லாம் ஒன்றுபோல வீட்டைப் பார்த்துச் சாய்ந்து, வெயிலில் ஆறு ஓடுவதுபோல் மின்னின. சரிதாவுக்குக் கேள்விகள் ஒரு நிமிடம் மறந்துபோயின.

"மாடு வந்தா ஏமாந்துடும் மேடம்," என்றான் பூபதி.

அந்தப் பச்சை ஆற்றில் ஓரிடம் மட்டும் ஓடவில்லை. சுவர் மூலையில், கதவுப் பலகை அளவுக்கு ஒரு துண்டு கறுத்துத் தெரிந்தது. அதன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. சரிதா போய்க் குனிந்து உள்ளங்கையால் தடவினார். மற்ற இடமெல்லாம் வழுக்கிய புல், இங்கே கையைக் குத்தியது.

"தூக்கு."

பூபதி துண்டை உரித்தான். ஜல்லி இருக்கவேண்டிய இடத்தில் களிமண் அப்பியிருந்தது. தோண்டினான். ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அதை விலக்கியதும் கறுப்புச் சேற்றுக்கு நடுவே கிரீடம், நேற்றுத் துடைத்த பளபளப்பு மாறாமல், சூரியனை வாங்கி எறிந்தது.

கூடத்தில் இருந்தவர்களும் புல்லுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அற்புதமேரி ஈரத்திலேயே முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஆஞ்சப்பன் தலைத் துண்டை அவிழ்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பூபதியும் தொப்பியைக் கழற்றினான்.

மைக்கேல்ராஜ்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இவன்தானே மேடம்?"

"இல்லீங்க. மத்த எல்லாப் புல்லும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. அப்படித்தான் இவங்க போடறாங்க. இந்தத் துண்ட எடுத்து எதிர்ப்பக்கமா மாத்திப் போட்டவருக்கு அது தெரியாது. ஜல்லியையும் களியையும் ஒண்ணாக் கலந்து மூடினதால தண்ணி எறங்கல." சரிதா வாசலுக்குப் போய் எட்சனின் ஷூவை எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அடிப்பள்ளங்களில் கறுப்புக் களி. அதில் வெள்ளை மணலும் பச்சை இழைகளும். "நீங்க வந்தப்ப வேலையெல்லாம் முடிஞ்சிருந்ததுன்னு நீங்களே சொன்னீங்க. வெளியே தார் ரோடு, உள்ளே புல்லு. கால்ல ஒட்ட இங்க மண்ணே வெளிய இல்ல எட்சன். புல்லுக்கு அடியிலதான் இருக்கு."

எட்சன் அண்ணனைத்தான் பார்த்தான்.

"அப்பா போன நாள்லேருந்து கிரீடம் என் வூட்லதான் இருந்தது. நீ பெங்களூர்லேருந்து வந்து பெருசாக் கட்டினதும் மாதாவும் இங்க வந்துரணுமா? தேர் அன்னிக்கு ஊரு முன்னால நீ தல குனியணும்னு நெனச்சன்."

"அப்ப நானு?" என்றார் ஆஞ்சப்பன்.

எட்சன் திரும்பவில்லை. "உன்ன நெனக்கவேயில்ல."

ஜீப் எட்சனோடு போனது. மைக்கேல்ராஜ் போனை எடுத்தார். "காண்ட்ராக்டர்கிட்ட நான் பேசிடறன் ஆஞ்சப்பா."

"பேச்சு காத்தோட போயிரும் சார். நாளைக்கு வேற வூட்ல கேட்டா நான் எதக் காட்டுவன்?"

"போட்டோ போடக் கை வந்திச்சில்ல?" என்றார் அற்புதமேரி. "எழுதவும் வரட்டும்."

மைக்கேல்ராஜ் கிருஷ்ணகிரியில் இருக்கும் காண்ட்ராக்டருக்கு எழுதினார். ஆஞ்சப்பன் மீது குற்றமில்லை, தவறு முழுதும் தன்னுடையது, அவரை மறுபடி வேலைக்குச் சேர்க்கவேண்டும் என்று. இரண்டு நகல்களிலும் கையெழுத்திட்டு ஒன்றை ஆஞ்சப்பனிடம் கொடுத்தார். மற்றதைக் கவருக்குள் மடித்து வைத்துப் பசை தடவி ஒட்டி, பாகலூர் தபால் நிலையத்துக்கு ஆஞ்சப்பனோடே போய் ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் நீட்டினார். உள்ளே இருந்த பெண் எடை பார்த்து, முத்திரை குத்தி, கிருஷ்ணகிரித் தபால் பைக்குள் அதைப் போட்டாள்.